அரணை கடித்த விரல்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. கார் நிறுத்துமிடத்தில், செடித்தொட்டி ஓரமாக, வெண்கல நிறத்தில் பளபளவென்று ஒன்று. "பாம்புக் குட்டி மாதிரி இருக்கிறது, வாட்ச்மேனைக் கூப்பிடுங்கள்" என்று கீழே எழுதியிருந்தார்கள். கால் இருக்கிறதே என்றார் இன்னொருவர். கடைசியில் மூன்றாவது மாடியிலிருந்து என் வயதுக்காரர் ஒருவர் எழுதினார். "இது அரணை. பாம்பைவிட மோசம். கடித்த இடத்திலேயே உயிர் போய்விடும்."

பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனது. அந்தக் குழுவுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது என்பதால் இங்கே எழுதுகிறேன். அறுபதைத் தாண்டியவர்கள் படித்தால் போதும். நீங்களும் இதே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. என்னை அரணை கடித்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, நான்கு தடவை.

அப்போது நாங்கள் மந்தைவெளியில் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். ஒரே வாசல், உள்ளே ஐந்து போர்ஷன், நடுவில் அடிபம்பு, பின்னால் துணி துவைக்கும் கல். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டகை. விறகுத் தொட்டியிலிருந்து எடை போட்டு வாங்கி வரும் சவுக்குக் கட்டைகளை ஐந்து குடும்பமும் அங்கேதான் அடுக்கும். ஈரச் சவுக்கின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. எரிவாயு வந்த பிறகு விறகு விற்கும் அந்தத் தொட்டிக் கடைகளே போய்விட்டன. சொன்னால் இப்போது தண்ணீர்த் தொட்டி என்று நினைக்கிறார்கள்.

எனக்கு ஒன்பது வயது. நைனாவுக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. பக்கத்துப் போர்ஷனில் ஒரு அக்கா. அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருந்திருக்கும். அவள் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். மயிலாப்பூரில் ஒரு அச்சகத்தில் பைண்டர். விரல் இடுக்கில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அவர்களோடு மாமாவின் அக்கா, அதாவது இவளுக்கு நாத்தனார், இருந்தாள்.

அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் அந்த அக்காவின் குழந்தை இறந்துபோனான். ஒன்றேகால் வயது. மழை விட்ட ஒரு காலையில், பின்பக்கத் தாழ்வாரத்தில் பாய் விரித்து அவனைப் படுக்க வைத்துவிட்டு அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் குழந்தைக்குக் கை கால் இழுத்துக்கொண்டிருந்தது, வாயில் நுரை. தூக்கும்போது பாயின் அடியிலிருந்து ஒரு அரணை ஓடியதை நாத்தனார் பார்த்தாள். மாமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மத்தியானம் துணியில் சுற்றி எடுத்துவந்தார்.

அதன்பிறகு அக்கா கொல்லைப்பக்கம் வருவதில்லை. நாத்தனார் யாரிடம் பேசினாலும், "புள்ளய அரணைக்குக் குடுத்துட்டு துணி தொவச்சிகினு இருந்தா" என்பாள். அக்காவின் காதில் விழும்படியாகத்தான் சொல்வாள். எங்கள் அம்மா அதைக் கேட்டு உச்சுக்கொட்டுவாள். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்காவுக்கு விறகு எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது அப்படித்தான். கோடை விடுமுறை. காலையில் நாலு கட்டை எடுத்துப் போய் அவள் அடுப்படியில் வைப்பேன். அவள் கொஞ்சம் பொட்டுக்கடலையும் வெல்லமும் கையில் வைப்பாள். வேறு பேச்சிருக்காது. என் கையை மட்டும் ஒவ்வொரு நாளும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

விறகு எடுக்கப் போன இடத்தில்தான் அதைப் பார்த்தேன். எட்டு மணி வெயில் துவைக்கிற கல்லின் மேல் விழுந்ததும் கட்டைகளுக்கு நடுவிலிருந்து வரும். முதலில் தலை மட்டும். கொஞ்ச நேரம் அசையாது. பிறகு முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு கல்லின் மேல் வந்து, வயிற்றைக் கல்லோடு அழுத்திப் படுத்துக்கொள்ளும். எண்ணெய் தடவியதுபோல் உடம்பு. செதில்கள் அவ்வளவு நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று. விலா இரண்டும் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன. "வெசம் ஏறிகீது, அதான் அந்தக் கலரு" என்றாள் நாத்தனார். அது ஆண் என்பதும், இணை தேடும் காலத்தில் ஆணுக்கு அப்படிச் சிவக்கும் என்பதும் பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாள் அது கண்ணை மூடித் திறந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க விளக்கடியில் பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நாக்கால்தான் கண்ணை நக்கிக்கொண்டது, மூடவில்லை. பல்லிக்கு இமை கிடையாது, அரணைக்கு உண்டு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அந்தத் தாள்கள் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டன. ஆனால் எழுதியது நினைவிருக்கிறது. கரப்பான் தின்னும். வெட்டுக்கிளி தின்னும். கட்டெறும்பைத் துப்பிவிடும். தலைக்கு மேலே காக்காயின் நிழல் போனால் ஓடும், மனுஷர் நிழலுக்கு அவ்வளவு பயப்படாது. நாக்கை நீட்டித் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.

ஒருமுறை நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு விறகுக்கட்டையை வீசினாள். கட்டை வாலில் பட்டது. வால் துண்டாகி, தனியாகத் துள்ள ஆரம்பித்தது. மூன்று போர்ஷன் பெண்களும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நின்று எண்ணினேன். இருநூற்றுச் சொச்சம் எண்ணும்வரை அது துடித்தது. ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. எல்லோரும் அந்த வாலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அரணை விறகுக்குள் போய்விட்டது.

"செத்துச்சி" என்றாள் நாத்தனார்.

மறுநாள் எட்டு மணிக்கு மொட்டை வாலோடு வந்து கல்லில் படுத்தது. சில வாரத்தில் வால் முளைக்கத் தொடங்கியது. பழையதைவிடக் குட்டை, நிறமும் வேறு, மண் நிறம். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது.

அந்தப் புது வாலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை மாட்டிவிட்டது. ஒரு காலையில் அக்காவுக்கு விறகு எடுக்கக் கட்டைகளுக்குள் கைவிட்டபோது, கட்டைக்குக் கீழே புது வால் தெரிந்தது. மெல்ல ஒரு விரலால் தொட்டேன். என்ன நடந்தது என்று புரிவதற்குள் அது திரும்பி என் ஆள்காட்டி விரலைக் கவ்வியிருந்தது. துணிக்குப் போடும் கிளிப்பை விரலில் மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. உதறினேன், விட்டுவிட்டது. விரலில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு வரிசைப் புள்ளி. அவ்வளவுதான்.

ஆனால் நான் செத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். உடனே என்றுதானே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். விறகுக்குள் ஏன் கை விட்டாய் என்று அடிப்பாள், செத்துப்போகிற நேரத்தில் அடி வேறு வேண்டாம் என்று தோன்றியது. பம்பில் தண்ணீர் குடித்தேன். வீட்டுக்குள் போய், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன்.

"இன்னாடி மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல."

"நகந்து உக்காரு. வேர்க்குது."

நகரவில்லை. அம்மாவின் புடவையிலிருந்து வந்த சோப்பு வாசனையைக் கடைசித் தடவையாக முகர்வதாக நினைத்துக்கொண்டேன். எண்ண ஆரம்பித்தேன். ஆயிரம் தாண்டியதும் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து. பிறகு பசித்தது. ரசம் சோறும் அப்பளமும் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறு கேட்டேன். மறுநாள் காலை எழுந்து பல் தேய்க்கும்போது விரலைப் பார்த்தேன். புள்ளிகள் கொஞ்சம் மங்கியிருந்தன.

நான் சாகவில்லை என்பதில் சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டிருப்பேன். ஆனால் அதைவிட ஏன் சாகவில்லை என்கிற கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வால் அறுந்தபோது விஷமும் போயிருக்குமோ. அல்லது வலது கை என்பதால் ஏறவில்லையோ. ஒன்பது வயது மூளை, வேறென்ன யோசிக்கும். அம்மாவின் மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துப் போய், கல்லின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்ததை ஒரே அமுக்காக மூடிப் பிடித்தேன். சல்லடையைக் கொஞ்சம் தூக்கி இடது கை விரலைக் கொடுத்தேன். கடித்தது. அன்றும் சாகவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வலது கை. அன்று ரத்தம் லேசாகக் கசிந்தது. அன்றைக்கு அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு உருண்டை கூடுதலாகக் கமர்கட்டு தின்றேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

மூன்றாம் கடிக்குப் பிறகு கல்லில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இது கடித்தால் யாரும் சாக மாட்டார்கள் என்றால், அக்காவின் குழந்தை எப்படிச் செத்தான்?

கடி வாங்கியதிலிருந்து விறகை வைத்துவிட்டு அக்காவிடம் கையைக் காட்டாமல் ஓடிவந்துவிடுவேன். மறுநாள் விறகு கொண்டுபோனபோது ஓடவில்லை, அக்கா பழையபடி என் கையைத் திருப்பினாள். புள்ளிகளைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாது இது?"

"அரணை."

அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "எப்போ?"

"இது நேத்திக்கி. இந்தக் கை மூணு நாளு முன்னாடி. மொதல்ல கடிச்சது போன வாரம்."

என்னைப் பிடித்து உலுக்கினாள். கண்ணைப் பிதுக்கிப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், நாக்கை நீட்டச் சொன்னாள். நான் பொய் சொல்கிறேன் என்று முடிவு செய்தாள். "எலி கடிச்சதா? ஒயுங்கா சொல்லு."

"அரணைதான்க்கா. வா, காட்டுறேன்."

நாத்தனார் ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தாள். எங்கள் அம்மா வாசல் பக்கம் இருந்தாள். அக்கா ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு கொல்லைக்கதவைத் தாண்டினாள். அந்தத் தாழ்வாரத்தில் கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றி வந்தாள். நான் சல்லடையைப் போட்டுப் பிடித்தேன். என் விரலைக் கொடுத்தேன். அது நான்காவது. அவள் குனிந்து பார்த்தாள், மூச்சுகூட விடாமல்.

"வலிக்குதா?"

"கிள்ளுற மாதிரி கீது. அவ்ளோதான்."

அவள் என் கையை எடுத்துவிட்டுத் தன் கையை உள்ளே விட்டாள். அது உடனே கடிக்கவில்லை. அவள் விரலை நாக்கால் தொட்டுப் பார்த்தது, ஒதுங்கியது. அவள் விடவில்லை, விரலை அதன் வாயருகே கொண்டுபோனாள். கடைசியில் கவ்வியது. அவள் கையை உதறவில்லை. அது தானாக விடும்வரை அப்படியே வைத்திருந்தாள். பிறகு சல்லடையைத் தூக்கினாள். அது விறகுக்குள் ஓடியது.

"மணி இன்னா இருக்கும்?" என்றாள்.

எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவந்து பத்தரை என்றேன். அவள் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விரலை அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வெயில் ஏறி, கல் சுட ஆரம்பித்த பிறகுதான் எழுந்து போய் உலை வைத்தாள்.

மாமா ஒரு மணிக்குச் சைக்கிளில் சாப்பிட வருவார். அவர் கால் கழுவப் பம்புக்கு வந்தபோது நான்தான் அடித்துக்கொடுத்தேன். அவர்கள் வீட்டு வாசல் பம்புக்கு நேர் எதிரே. அக்கா வாசற்படியில் நின்றாள்.

"என்னிய அரணை கடிச்சிச்சி" என்றாள், கையை நீட்டி. "பத்தரைக்கு."

மாமா அந்த விரலைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தவில்லை. ரிக்‌ஷாவைக் கூப்பிட ஓடவில்லை. என்ன, எங்கே என்று கேட்கவும் இல்லை. பம்புப் பிடியைப் பிடித்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பயப்படவே இல்ல" என்றாள். "உனுக்குத் தெரியும்."

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்தார்.

"ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க?"

"எத்தினி நாளா ஜொரம்னு கேட்டாரு டாக்டரு. மூணு நாளுன்னேன். மூளைக்கு ஏறிட்சின்னாரு." விரல் இடுக்கில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினார். "மொத நாளே தூக்கினு வந்திருக்கணும்னாரு."

"ரெண்டாம் நாளு நான் உன்னாண்ட சொன்னேன்."

"சொன்ன."

"நீ இன்னா சொன்ன?"

"பல்லு மொளைக்கிற ஜொரம், தானா வுட்ரும்னு சொன்னேன்." அவர் தலை நிமிரவில்லை. "வூட்டுக்கு வந்தா எங்கக்கா அரணைன்னு சொல்லிகினு கீது. ஸ்டோரே சொல்லிகினு கீது. நான் சும்மா இருந்துட்டேன்."

அதற்குள் எங்கள் அம்மா வெளியே வந்துவிட்டாள். ரேஷன் பையோடு நாத்தனாரும் வாசலில் நின்றாள். எல்லோருக்கும் கேட்டது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நாத்தனார் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அக்கா உள்ளே போய்ச் சோற்றுப் பானையை மூடி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

அன்றைய மத்தியானம்போல் நான் வாழ்க்கையில் வேறு எப்போதும் பயந்ததில்லை. அரணை கடித்தபோதுகூட இல்லை. மாமா சைக்கிளில் கோயில் குளத்துப்பக்கம் போனார். "ஆத்தாண்ட பாருங்க" என்று யாரோ சொல்ல, நைனாவும் டிப்போவிலிருந்து இரண்டு பேரும் அடையாற்றுப் பாலம் வரை போய்த் தேடினார்கள். அம்மா என் கைகளைப் பார்த்துவிட்டு முதுகில் நாலு வைத்தாள். "உன்னிய யாருடி கேட்டா? உன்னிய யாரு போய்ச் சொல்லச் சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தாள். பிறகு அந்தக் கைகளையே மடியில் வைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெய் தடவினாள்.

ஆறு மணிக்கு அக்கா தானாகவே திரும்பி வந்தாள். காலெல்லாம் புழுதி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கிறாள். குழந்தைக்கு என்ன என்று எழுதியதைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பழைய தாள்களைத் தேட வேண்டும், வேறொரு நாள் வா என்றிருக்கிறார்கள். அவள் திரும்பவும் போனாளா என்று எனக்குத் தெரியாது.

யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் அம்மா அன்றிரவு ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பினாள். பெரியவர்களால் முடிந்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நாத்தனார் சில நாளில் சைதாப்பேட்டையிலிருந்த இன்னொரு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா மாமாவோடு வெகுநாள் பேசவில்லை. சமைத்து வைப்பாள், அவர் எடுத்துப் போட்டுச் சாப்பிடுவார். விறகை அவளே வந்து எடுத்துக்கொண்டாள். எனக்குப் பொட்டுக்கடலை மட்டும் நிற்கவில்லை.

வெகுகாலம் நான் அந்த மாமாவைக் கெட்டவர் என்றே வைத்திருந்தேன். பெண்டாட்டி மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு வாய் மூடியிருந்தவர். அது உண்மைதான். ஆனால் துணியில் சுற்றிய குழந்தையோடு ரிக்‌ஷாவில் தனியாகத் திரும்பி வந்தவரும் அவர்தான். உள்ளே நுழைந்ததும் ஊரே சேர்ந்து ஒரு பொய்யை அவர் கையில் வைத்தது. அதை வாங்கிக்கொண்டார். என் வயதில் இதை நினைக்கும்போது, திட்ட வாய் வரவில்லை. மெச்சவும் வரவில்லை.

அக்காவை நடுவில் ஒரு தடவை, மயிலாப்பூர்த் தேர் நெரிசலில் பார்த்தேன். எனக்கு அப்போது கல்யாணமாகியிருந்தது. அன்றைக்குச் சொன்னது தப்பா அக்கா என்று கேட்டேன். ரொம்ப யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"சில நாளு, நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்னு தோணும். அரணைன்னா அது பாட்டுக்கு வந்துச்சி, போச்சி. மனுசன்னா அப்பிடி வுட முடியுதா?" பிறகு, "மத்த நாளுல அப்பிடித் தோணாது" என்றாள்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தப் பேச்சு இல்லை. ஸ்டோரில் நாங்கள் இருந்த கடைசி வருஷத்து மழைக்காலம். அக்காவுக்கு அப்போது ஒரு பெண் குழந்தை, எட்டு மாதம். ஒரு காலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டது. அக்கா யாரிடமும் கேட்கவில்லை. குழந்தையை முந்தானையில் பொதிந்துகொண்டு கொட்டுகிற மழையில் இறங்கினாள். பாதி முகத்தில் சவர நுரையோடு இருந்த மாமா, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பின்னால் வந்துகொண்டே, தான் நனைந்தபடி, குடையை அவள் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

பத்து மணி வாக்கில் திரும்பி வந்தார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சல், மருந்து கொடுத்திருக்கிறார்கள். அப்போதும் அவள் முன்னால், அவர் பின்னால். தெருமுனையில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. அக்கா அங்கே நின்றாள். திரும்பி, குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். குடையைத் தான் வாங்கிக்கொண்டாள்.